‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ ஏன் மனதில் ஒட்டவில்லை?

உங்கள் கேள்வி இது: “2018, 2021 ஆண்டுகளில் வந்த இரண்டு ஹாலோவீன் படங்களும் எனக்குப் பிடித்தன. கடைசிப் படமான ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ மட்டும் பெரிய ஏமாற்றம். முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறான்? முன்பின் தெரியாத ஓர் இளைஞனின் பின்னால் படம் ஏன் ஓடுகிறது? சிலர் இதைத் துணிச்சலான படம் என்கிறார்கள். எனக்குத்தான் புரியவில்லையா?” கேள்வி மூன்றாக இருந்தாலும் உங்களை உறுத்துவது கடைசியில் இருப்பதுதான் என்று நினைக்கிறேன். இந்த ஏமாற்றம் உங்கள் ரசனையில் உள்ள குறையா, படத்தில் உள்ள குறையா? படத்தில் உள்ள குறை என்பது என் முடிவு. ஆனால் பலர் கைகாட்டும் இடத்தில் அந்தக் குறை இல்லை.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படத்தொகுப்பு வேலை செய்கிறேன். ஏழெட்டுத் திகில் படங்களைத் தொகுத்திருக்கிறேன், சில ஆண்டுகளாக மாணவர்களுக்கும் கற்பிக்கிறேன். ஒரு ஷாட் பார்ப்பவரிடம் எந்த எதிர்பார்ப்பை விதைக்கிறது, அந்த எதிர்பார்ப்பு எங்கே தீர்க்கப்படுகிறது, எங்கே தீர்க்கப்படாமல் நிற்கிறது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். இயக்குநர் டேவிட் கார்டன் கிரீனும் அவருடைய எழுத்தாளர்களும் என்ன நினைத்து இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்வது ஊகம் மட்டுமே. அந்த இடங்களில் ஊகம் என்றே குறிப்பிடுகிறேன். படத்தைப் பார்க்காத யாராவது இதைப் படித்தால், முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏமாற்றம் உங்கள் ஒருவருடையது இல்லை. படம் முடிந்து வெளியே வருபவர்களிடமே மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் 2018 படத்துக்கு பி பிளஸ், 2021இல் வந்த ‘ஹாலோவீன் கில்ஸ்’ படத்துக்கு பி மைனஸ், ‘எண்ட்ஸ்’ படத்துக்கு சி பிளஸ் கிடைத்தன. அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் முறையே சுமார் 7.6 கோடி, 4.9 கோடி, 4 கோடி டாலர். இரண்டாம் வார இறுதியில் ‘எண்ட்ஸ்’ வசூல் ஏறக்குறைய 80 சதவீதம் சரிந்தது. ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பின்னிரண்டு படங்களும் திரையரங்கில் வந்த நாளிலேயே பீக்காக் இணையச் சேவையிலும் வெளியாயின. வீட்டிலேயே பார்த்துவிட்டவர்கள் டிக்கெட் வாங்க வரமாட்டார்கள். திகில் படங்களுக்குச் சினிமாஸ்கோர் மதிப்பெண் பொதுவாகவே குறைவாகத்தான் விழும். ஆகவே, மூன்று படங்களில் கடைசியானதுதான் பார்த்தவர்களை அதிகம் வருத்தியது என்பது உறுதி. அந்த வருத்தம் வசூலை எவ்வளவு குறைத்தது என்பதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

மைக்கேல் குறைவாக வருவதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 1978இல் ஜான் கார்ப்பெண்டரும் டெப்ரா ஹில்லும் எழுதி, கார்ப்பெண்டர் இயக்கிய முதல் ‘ஹாலோவீன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 3 லட்சம் டாலர் செலவில், சுமார் 20 நாட்களில் எடுக்கப்பட்ட படம். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகம் கொண்ட மலிவான ரப்பர் முகமூடியை வாங்கி, வெள்ளைச் சாயம் பூசி மைக்கேலுக்கு மாட்டினார்கள். அந்தப் படத்திலும் அவன் முழுதாகத் தெரியும் நேரம் மிகக் குறைவு. பெயர்ப் பட்டியலில்கூட அவன் ‘உருவம்’ என்றுதான் குறிக்கப்படுகிறான். ஆனால் அவன் இல்லாத ஷாட் என்று ஒன்றை அந்தப் படத்தில் காட்டுவது கடினம். வகுப்பில் ஆசிரியை விதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவன் குறிவைக்கும் பள்ளி மாணவி லோரி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள், தெருவுக்கு எதிர்ப்பக்கம் அவன் நிற்கிறான். வீடு திரும்பும் வழியில் வேலிச்செடிக்குப் பின்னால் ஒரு கணம் தெரிந்து மறைகிறான். துணி காயும் கொடிகளுக்கு நடுவே நிற்கிறான், அடுத்த பார்வையில் காணவில்லை. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகலத்திரையின் ஓரங்களை வெறுமையாகவே விட்டு வைக்கிறார். இரண்டு மூன்று முறை ஏமாந்த பிறகு நம் கண்ணே அந்த ஓரங்களைத் துழாவத் தொடங்கிவிடுகிறது. படத்தின் பிற்பகுதியில், உடல்களைக் கண்டு அரண்டுபோன லோரி சுவரோரம் நின்று விம்முகிறாள். பின்னாலிருக்கும் இருண்ட வாசலில் முகமூடியின் வெண்மை மெல்ல மெல்ல மேலெழுந்து வருகிறது. வெட்டு இல்லை, திடீர் இசை இல்லை, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதோடு சரி. இந்த ஷாட்டை வகுப்பில் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

இப்போது ‘எண்ட்ஸ்’ படத்துக்கு வாருங்கள். 111 நிமிடப் படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடந்த பிறகுதான், பாலத்துக்கு அடியில் இருக்கும் கழிவுநீர்க் குழாய்க்குள் மைக்கேலைக் காண்கிறோம். அதுவரை அவன் இல்லை, படமும் அவனைத் தேடவில்லை. சட்டகத்தின் ஓரங்களில் நம் கண்ணுக்கு வேலை கொடுக்கவில்லை. ஊரார் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆனால் கேமரா அவனுக்குப் பயப்படவில்லை. தொகுப்பாளனாக நான் பார்க்கும் முக்கியமான வேறுபாடு இதுதான். 1978இல் அவன் திரையில் இல்லாத நேரம் முழுவதும் அவனுக்காகவே செலவானது. 2022இல் அந்த நேரம் வேறொருவனுக்குச் செலவாகிறது. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்றால் அதற்குக் காரணம் நிமிடக் கணக்கு இல்லை, இந்தத் தேடல் இல்லாமல் போனதுதான்.

அந்த வேறொருவன் கோரி கன்னிங்ஹாம். ரோஹன் கேம்ப்பெல் நடித்த இந்தப் பாத்திரத்தைப் பலர் வெறுக்கிறார்கள். எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. சொல்லப்போனால் படத்தின் மிகச் சிறந்த காட்சி அவனுடையதுதான். 2019 ஹாலோவீன் இரவு, ஒரு சிறுவனைப் பார்த்துக்கொள்ள வருகிறான். சிறுவன் விளையாட்டாக அவனைப் பரணில் வைத்துப் பூட்டிவிடுகிறான். பீதியில் கோரி கதவை உதைத்துத் திறக்க, மறுபக்கம் நின்ற சிறுவன் படிக்கட்டுச் சுற்றின் உச்சியிலிருந்து கீழே விழுகிறான். பெற்றோர் வாசலில் நுழையும் அதே நொடியில் பிள்ளை அவர்கள் காலடியில் வந்து விழுகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவரைக் கொலைகாரன் துரத்துவது இந்தத் தொடரின் ஆதிக் காட்சி. இங்கே துரத்த யாருமே இல்லை, ஒரு கதவும் ஓர் உதையும் மட்டும்தான். உடனே தலைப்பு எழுத்துகள் வருகின்றன, ஒரு பூசணிக்குள்ளிருந்து இன்னொரு பூசணி வெடித்து முளைக்கிறது. தீமை ஒருவனோடு நிற்காது, ஓர் ஊர் தன் வெறுப்பால் அடுத்தவனை உருவாக்கிக்கொள்ளும் என்ற கருத்தை வசனமே இல்லாமல் சொல்லிவிட்ட தொடக்கம் அது. முந்தைய படத்திலும் இதற்கு விதை இருந்தது. மருத்துவமனையில் கூடிய கும்பல், மைக்கேல் என்று தவறாக நினைத்து ஒரு மனநோயாளியை விரட்டி, அவர் மேலிருந்து குதித்துச் சாகும்படி செய்கிறது. கதை நடக்கும் ஊரான ஹேடன்ஃபீல்டின் மக்களே கொலைகாரர்களாகும் இடம் அது. எனவே கருத்து வானத்திலிருந்து குதிக்கவில்லை.

வானத்திலிருந்து குதித்தவன் கோரிதான். கருத்துக்கு முன்னோட்டம் கொடுத்தவர்கள், அந்தக் கருத்தைச் சுமக்கும் மனிதனுக்குக் கொடுக்கவில்லை. இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் தொகுத்த ஒரு பேய்ப்படத்தில், வீட்டின் பழைய காவலாளி கடைசிக் கால் மணி நேரத்தில் வந்து எல்லா மர்மத்தையும் விளக்குவார். நன்றாக எழுதப்பட்ட காட்சி, நடித்தவரும் தேர்ந்த நடிகர். ஆனால் சோதனைக்காகப் போட்டுக் காட்டியபோது, அவர் பேசத் தொடங்கியதும் இருட்டில் செல்பேசி வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. பயன்படாமல் ஒதுக்கிய துண்டுகளைத் தேடினோம். அவர் வாசலைக் கூட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கும் ஏழு விநாடி ஷாட் ஒன்று கிடைத்தது. முதல் ரீலில், குடும்பம் அந்த வீட்டில் வந்து இறங்கும் இடத்தில் அதைச் செருகினோம். கடைசிக் காட்சியில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அடுத்த முறை காட்டியபோது அரங்கம் அவர் சொன்னதை அமைதியாகக் கேட்டது. முடிவில் பேசப்போகிறவரைப் பார்வையாளர் முன்பே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும், நினைவில் இல்லாவிட்டாலும் கண் பார்த்திருக்க வேண்டும். ‘கில்ஸ்’ படத்தின் அந்த மருத்துவமனைக் கும்பலில் கோரியின் முகம் ஐந்து விநாடி வந்திருந்தால் போதும். சிலரோடு சேர்ந்து கத்திவிட்டு, கீழே கிடக்கும் உடலைக் கண்டதும் ஒதுங்கி நிற்கும் ஓர் இளைஞன். கடைசிப் படத்தில் அவனைக் கண்டதும் “நீயா?” என்றிருப்பீர்கள். இப்போது “யார் நீ?” என்கிறீர்கள்.

முடிவுப் படத்துக்கென்று ஒரு தனிக் கடமையும் உண்டு. நடுவில் வரும் பாகம் புதிய கடன் வாங்கலாம். கடைசிப் பாகம் பழைய கடனைத் தீர்க்க வேண்டும். ‘கில்ஸ்’ எதோடு முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள். தன்னை அடித்து வீழ்த்திய கும்பலை மைக்கேல் எழுந்து ஒவ்வொருவராகக் கொன்று தீர்க்கிறான். பிறகு தன் பழைய வீட்டின் மாடியில் லோரியின் மகள் கேரனைக் கொல்கிறான். லோரி மருத்துவமனையில் கிடக்கிறார். அடுத்த ஷாட் என்னவாக இருக்க வேண்டும்? அந்தச் செய்தியை லோரி கேட்கும் முகம். தொடர் முழுவதும் அதற்காகத்தான் காத்திருந்தது. ‘எண்ட்ஸ்’ அந்த முகத்தைக் காட்டாமல் நான்கு ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. பேத்தி ஆலிசனோடு புது வீடு, அடுப்பில் இனிப்புப் பண்டம், மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் நினைவுக்குறிப்புகள். 2018 படத்தின் லோரி, நாற்பது ஆண்டுகளாக ஒரே ஓர் இரவுக்காக வீட்டைக் கோட்டையாக்கிக் காத்திருந்தவர். அந்த வெறியில் கேரனின் பிள்ளைப் பருவத்தையே இழக்கச் செய்தவர். மைக்கேல் மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்த காலமெல்லாம் உறங்காதவர், மகளைக் கொன்றுவிட்டு அவன் வெளியே திரியும்போது அமைதியாகிறார் என்பதை நம்புவது கடினம். துயரம் மனிதரை எதிர்த்திசையில் திருப்பிவிடுவதும் வாழ்க்கையில் நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறதுதான். ஆனால் அந்தத் திருப்பத்தை நாம் பார்த்திருக்க வேண்டும். படம் அதைப் பின்னணிக் குரலில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. லோரியாக நடிக்கும் ஜேமி லீ கர்ட்டிஸ் போன்ற ஒருவர் கையில் இருக்கும்போது அந்தக் காட்சியை எடுக்காமல் விட்டது எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

இன்னொன்றும் உங்களை உறுத்தியிருக்கும். தீயணைப்பு வீரர்கள் ஒரு கூட்டமாக வந்தும் வெல்ல முடியாத மைக்கேலிடமிருந்து, கோரி மல்லுக்கட்டியே முகமூடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். நான்காண்டு காயமும் முதுமையும் அவனைத் தளர்த்திவிட்டன என்று படத்துக்காக வாதாடலாம். ஆனால் அப்படித் தளர்ந்தவனை அடுத்த அரை மணி நேரத்தில் இறுதிச் சண்டைக்கு நிறுத்தினால், அந்தச் சண்டையில் லோரிக்கு ஆபத்து இருப்பதாக யார் நம்புவார்கள்? சமையலறைச் சண்டை கைவேலையாகப் பார்த்தால் நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. விளம்பரங்களும் அதைத்தான் முன்னால் நிறுத்தின. அந்த முன்னோட்டத்தைப் பார்த்து உள்ளே போனவர்களுக்குக் கோரியின் கதை, வாங்கிய டிக்கெட்டுக்கு வேறு படம் ஓடுவதுபோல் இருந்திருக்கும்.

இந்தப் பாடம் திகில் தொடர்களுக்குப் புதிது இல்லை என்பதுதான் என் வருத்தத்தைக் கூட்டுகிறது. 1982இல் வந்த மூன்றாம் ‘ஹாலோவீன்’ படத்தில் மைக்கேலே கிடையாது. ஒவ்வொரு ஆண்டும் ஹாலோவீன் இரவை ஒட்டிப் புதுப்புதுக் கதை சொல்லலாம் என்று கார்ப்பெண்டர் தரப்பு நினைத்தது, பார்வையாளர்கள் ஏற்கவில்லை. 1988இல் வந்த நான்காம் படம் மைக்கேல் திரும்பி வருகிறான் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தது. ‘ஃபிரைடே தி தர்ட்டீன்த்’ தொடர் 1984இல் இறுதி அத்தியாயம் என்று ஒரு படத்தை வெளியிட்டது. மறு ஆண்டே அந்தத் தொடரின் கொலைகாரன் ஜேசனின் முகமூடியை வேறொருவன் போட்டுக்கொண்டு கொல்லும் கதையோடு வந்து ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்தது, 1986இல் ஜேசனையே எழுப்பிக் கொண்டுவந்தது. முகமூடியை இன்னொருவனுக்கு மாட்டும் எண்ணம் ஏற்கெனவே தோற்ற ஒன்று. ‘எண்ட்ஸ்’ தன் தலைப்பை 1982 படத்தின் நீல எழுத்துப் பாணியில் போடுகிறது. அந்தப் படத்தின் வரலாறு இவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே தீயில் தெரிந்தே கை வைத்தார்கள் என்பது என் ஊகம். அந்தத் துணிச்சலைப் பாராட்டுபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 1982 படமே பிற்காலத்தில் நல்ல பெயர் எடுத்தது, இதற்கும் அப்படி நடக்கலாம்.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. இதற்கு டேவிட் கார்டன் கிரீனை முழுக்கக் குற்றம்சாட்ட முடியாது. இந்தத் தொடரின் பயமே முடிவின்மையில் பிறந்தது. 1978இல் ஆறு குண்டுகள் வாங்கி மாடியிலிருந்து விழுந்தவன், அவனுடைய மனநல மருத்துவர் டாக்டர் லூமிஸ் எட்டிப் பார்க்கும்போது புல்தரையில் இல்லை. அதன்பின் வெறும் அறைகள், படிக்கட்டு, இருண்ட வீடுகள், அவற்றின் மேல் அவனுடைய மூச்சொலி. அவன் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற அந்த ஒரு நிமிடத்திலிருந்துதான் மற்ற எல்லாப் படங்களும் முளைத்தன. சாகாதவன் என்பதால் பயமூட்டும் ஒருவனைக் கொன்று முடிவு எழுதினால், முடிவு கிடைக்கும், பயம் போய்விடும். போதாக்குறைக்கு, பார்வையாளர்களின் நம்பிக்கையையும் இந்தத் தொடர் முன்பே கெடுத்துவைத்திருந்தது. 1998 படத்தில் லோரி கோடரியால் அவன் தலையைத் துண்டித்தார். 2002இல், வெட்டுப்பட்டவன் முகமூடி மாட்டிவிடப்பட்ட ஒரு மருத்துவ உதவியாளன் என்று சொல்லி, லோரியையே கொன்றார்கள். 2018 படம் இவற்றையெல்லாம் கணக்கில் எடுக்காமல் 1978 கதையிலிருந்தே தொடர்ந்தது, ஆனால் பார்வையாளர்கள் மறக்கவில்லை. அதனால்தான் 2022 படத்தில் கழுத்தை அறுத்தது போதவில்லை. மணிக்கட்டை அறுத்து, உடலைக் காரின் மேல் கட்டி, ஊரே ஊர்வலமாகப் பின்தொடர, பழைய வாகனங்களை உடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் ராட்சத அரவை இயந்திரத்தில் போடுகிறார்கள். மிகையான காட்சி என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது நேர்மையான காட்சியாகப் படுகிறது. இந்த முறை ஏமாற்றமாட்டோம் என்று படம் ஊரையே சாட்சிக்கு அழைத்துச் சத்தியம் செய்கிறது. அந்தச் சத்தியத்துக்குப் பயம்தான் விலை. அதைக் கொடுக்காமல் இந்தக் கதையை முடிக்கும் வழியை நானும் பல நாள் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நீங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். கோரியின் கதை தனிப்படமாக நின்றிருந்தால் நான் அதை விரும்பி இரண்டு முறை பார்த்திருப்பேன். மூன்று படக் கதையின் கடைசிப் பகுதியாக அது வேறொருவருக்குச் சேர வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. பெருந்தொற்றால் ‘கில்ஸ்’ 2020இலிருந்து 2021க்கும், ‘எண்ட்ஸ்’ 2021இலிருந்து 2022க்கும் தள்ளிப்போயின. அந்த ஓராண்டு இடைவெளி திரைக்கதையின் நான்காண்டுத் தாவலுக்குத் துணைபோயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதையும் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி பார்க்கும் எண்ணம் இருந்தால், தொடக்கக் காட்சியைப் பூசணிகள் முளைக்கும்வரை தனியாகப் பார்த்து நிறுத்திவிடுங்கள், அது தனிக் குறும்படம். வேறொரு நாளில் 1978 படத்தின் கடைசி இரண்டு நிமிடங்களையும் இந்தப் படத்தின் கடைசி இரண்டு நிமிடங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இங்கேயும் வெறும் அறைகள்தான் வருகின்றன, கடைசியில் லோரியின் வீட்டு மேசைமேல் முகமூடி கிடக்கிறது. அதைப் பார்க்கும்போது மைக்கேலைப் பற்றி நினைக்க வேண்டும் என்பது படத்தின் விருப்பம். என் மனம் என்னவோ அந்தச் சிறுவனின் தாயிடம்தான் போனது. வாசலில் நின்று பிள்ளை விழுந்ததைப் பார்த்தவள், பிறகு மதுக்கூடத்தில் கோரியை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டவள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று படம் சொல்லவே இல்லை.